பூமி பூஜைக்கு முன்பே முடிந்துவிடும் வேலை: பேரூராட்சியில் ஒரு வடிகால் எப்படி உருவாகிறது

ஊரில் ஒரு பொதுவேலை தொடங்கப்போகிறது என்பது நமக்குத் தெரிய வருவது பெரும்பாலும் பூமி பூஜை அன்றைக்குத்தான். பந்தல், வாழைமரம், தேங்காய், கடப்பாரையைப் பிடித்தபடி போட்டோவுக்கு நிற்கும் தலைவர், கவுன்சிலர்கள். அன்றைக்குப் போய் "இந்த வடிகாலை இன்னும் ஓரடி ஆழமாத் தோண்டினா நல்லது சார்" என்று சொன்னால் எல்லாரும் தலையாட்டுவார்கள். ஒன்றும் மாறாது. எவ்வளவு நீளம், எவ்வளவு ஆழம், எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், கம்பி எவ்வளவு என்பதெல்லாம் மாதங்களுக்கு முன்பே ஒரு கோப்பில் எழுதி, கையெழுத்தாகி, டெண்டரும் முடிந்திருக்கும்.

அந்தக் கோப்பின் உயிர் எஸ்டிமேட், அதாவது வேலையின் அளவும் செலவும் எழுதிய மதிப்பீடு. அதை யார் எழுதுகிறார்கள், எந்தப் பணத்தை நம்பி எழுதுகிறார்கள், சாதாரண ஆள் எந்தக் கட்டத்தில் வாய் திறந்தால் பலன் உண்டு என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். உதாரணத்துக்கு ஒரு பேரூராட்சியை வைத்துக்கொள்வோம்: 15 வார்டு, பன்னிரண்டாயிரம் பேர், ஒரு கடைத்தெரு, ஒரு ஏரி, மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கும் ஒரு மேலத் தெரு. வேலை, அந்தத் தெருவுக்கு மழைநீர் வடிகால். சாலையோ குடிநீர்த் தொட்டியோ பூங்காவோ, எதுவானாலும் கோப்பு நகரும் வழி ஏறக்குறைய இதேதான்.

கிராமமும் இல்லை, நகரமும் இல்லை

தமிழ்நாட்டில் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் நடுவே இருப்பது பேரூராட்சி. 2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் இருந்தன. தரம் உயர்த்துவதும் இணைப்பதும் நடந்துகொண்டே இருப்பதால் இந்தக் கணக்கு அவ்வப்போது மாறும்.

வார்டுக்கு ஒரு கவுன்சிலரை மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். கவுன்சிலர்கள் தங்களுக்குள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அலுவலகத்தை நடத்துவது செயல் அலுவலர், அதாவது ஈ.ஓ. அவர் அரசு ஊழியர். கவுன்சில் தீர்மானம் போடும், ஈ.ஓ. நிறைவேற்றுவார், பொறியாளர் கணக்குப் போடுவார் என்பது ஏற்பாடு. பல இடங்களில் ஒரே பொறியாளர் இரண்டு மூன்று பேரூராட்சிகளுக்கும் சேர்த்துப் பார்க்கிறார். எஸ்டிமேட்டுகள் ஏன் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியதுபோல் இருக்கின்றன என்பதற்குப் பாதிக் காரணம் இதிலேயே இருக்கிறது.

நகர உள்ளாட்சிகளுக்கு அரசியல் சட்டத்தில் தனி இடம் கிடைத்தது 74ஆவது திருத்தத்தால். 1992இல் நிறைவேறி, 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதோடு சேர்ந்த 12ஆவது அட்டவணையில் நகர உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்கக்கூடிய 18 பொறுப்புகள் வரிசையாக உள்ளன. முதலாவதே நகரத் திட்டமிடல். நடைமுறையில் அந்த முதல் வேலைதான் பேரூராட்சியின் கைக்கு முழுதாக வந்து சேரவில்லை. எந்த நிலம் வீட்டுக்கு, எது தொழிலுக்கு, எங்கே சாலை விரிய வேண்டும் என்று முழுமைத் திட்டம் போடும் அதிகாரம் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் வழியாகத்தான் ஓடுகிறது. பல சிறு ஊர்களுக்கு இன்னும் முழுமைத் திட்டமே இல்லை. வயல் மனையாகிறது, மனை தெருவாகிறது, தெருவில் தண்ணீர் நிற்கிறது. அதற்குப் பிறகுதான் பேரூராட்சியைக் கூப்பிடுகிறார்கள்.

பேரூராட்சி என்ற அமைப்பு அரசுக்கே ஒரு குழப்பம்தான். 2004இல் 561 பேரூராட்சிகளை ஒரே உத்தரவில் 'சிறப்புச் சிற்றூராட்சி' ஆக்கினார்கள். கிராமங்களுக்கென்று மத்திய அரசு தரும் நிதி கிடைக்கும் என்பது கணக்கு. 2006இல் ஆட்சி மாறியதும் மறுபடியும் பேரூராட்சியாயின. எதிர்ப்பக்கம் பாருங்கள்: ஓர் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடோ நகராட்சியோடோ இணைக்கப்போகிறோம் என்று அறிவித்தால் உடனே மறியல். நூறு நாள் வேலை போய்விடும், வரி ஏறிவிடும் என்ற பயம். பயத்தில் நியாயம் இருக்கிறது. ஊருக்கு முன்னால் எந்தப் பெயர் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பணம் வரும் குழாய் மாறுகிறது.

தெரு யாருடையது?

வடிகால் கேட்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளாமல் போனால் ஒரு வருடம் வீணாகும். சின்ன ஊரின் கடைத்தெரு பெரும்பாலும் பேரூராட்சியுடையதே இல்லை. மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது. அதன் ஓரத்து வடிகாலும் அவர்களுடையது. பேரூராட்சி நினைத்தாலும் அதில் கை வைக்க முடியாது. மின்கம்பம் மின்வாரியத்துக்கு. வெகு தூரத்து ஆற்றிலிருந்து குழாயில் வரும் கூட்டுக் குடிநீர், தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பொறுப்பு. அது ஊர்த் தொட்டிக்கு வந்து ஏறிய பிறகு விநியோகம் பேரூராட்சியின் தலையில். ஏரி பெரிதானால், அதாவது நூறு ஏக்கருக்கு மேல் பாசனம் உள்ளதானால், நீர்வளத் துறை.

மேலத் தெரு பேரூராட்சித் தெரு. அதன் தண்ணீர் போய் விழ வேண்டிய வாய்க்கால் ஏரியைச் சேர்ந்தது. ஆகவே 240 மீட்டர் தெரு வடிகாலுக்கே இரண்டு துறை. தெருக்கோடியில் நெடுஞ்சாலையைக் குறுக்கே கடந்துதான் வாய்க்காலுக்குப் போக வேண்டுமென்றால் மூன்று.

எது யாருடையது என்பதை வீட்டிலிருந்தே ஓரளவு பார்த்துவிடலாம். தமிழ்நாடு அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் சர்வே எண் கொடுத்தால் 'அ' பதிவேடும், நிலத்தை அளந்து வரைந்த புலப்படமும் கிடைக்கின்றன. தெரு, வாய்க்கால், ஏரி உள்வாய் என்று வகைப்பாடு அதில் இருக்கும். என்னைக் கேட்டால் சின்ன ஊருக்கு உள்ளதிலேயே நல்ல வடிகால் திட்டம் அந்தப் பழைய புலப்படம்தான். தண்ணீர் எந்த வழியாகப் போய்க்கொண்டிருந்தது என்பதை அளந்து வைத்திருக்கிறார்கள். இன்றைக்கு அந்தக் கோட்டின் மேல் எவருடைய மாடிப்படி நிற்கிறது என்பது தனிக் கதை.

பணத்துக்கு ஏற்கெனவே பெயர் எழுதியிருக்கும்

பேரூராட்சியின் சொந்த வருமானம் என்ன? சொத்து வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை, வாரச்சந்தை ஏலம், பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடக் குத்தகை. செலவு? சம்பளம், தூய்மைப் பணி, தெருவிளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் கரண்ட் பில். இரண்டையும் கழித்துப் பார்த்தால் பல ஊர்களில் புதுவேலைக்கு மிச்சம் இருக்காது. ஆகவே கண்ணில் படும் புது வேலைகளெல்லாம் பெரும்பாலும் மேலிருந்து வரும் மானியம்.

மானியம் சும்மா வராது. எதற்கு என்று நிபந்தனையோடு வரும். 15ஆவது மத்திய நிதிக்குழு 2021 முதல் 2026 வரை சிறு நகரங்களுக்குப் பரிந்துரைத்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று கட்டிவைக்கப்பட்டது. மீதி 40 சதவீதத்தைத்தான் ஊர் தன் விருப்பப்படி தொட முடிந்தது. "தெருவுக்கு ரோடு கேட்டோம், குப்பைக் கிடங்குக்கு ஷெட் போடுறாங்க" என்று டீக்கடையில் பேசிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். எல்லாமே ஊழல் என்று முடிவுகட்டுமுன் எந்த நிதி, அதன் நிபந்தனை என்ன என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. சொத்து வரி மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப ஏற வேண்டும் என்றது அதே நிதிக்குழு. 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி ஏறியபோது அரசு சொன்ன காரணங்களில் இதுவும் ஒன்று.

மாநில நிதிக்குழு மானியம், கலைஞர் நகர்ப்புற மேம்பாட்டுத் திட்டம், எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதிகள் என்று மற்ற வாய்க்கால்களும் இருக்கின்றன. தனியாகச் சொல்ல வேண்டியது நமக்கு நாமே திட்டம். 1997இல் தொடங்கியது, 2021இல் மீண்டும் உயிர்பெற்றது. வேலையின் மதிப்பில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டிக் கட்டினால் மீதியை அரசு போடும். பள்ளிச் சுற்றுச்சுவர், பூங்கா, சுடுகாட்டுக் கொட்டகைக்கெல்லாம் நன்றாக ஓடியிருக்கிறது. எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: பணம் திரட்டக்கூடிய தெருவுக்கு வேலை முதலில் வரும். தண்ணீர் தேங்கும் தாழ்வான தெருவும் பணம் திரட்ட முடியாத தெருவும் நம் ஊர்களில் பெரும்பாலும் ஒன்றேதான்.

எஸ்டிமேட்டுக்குள் என்ன இருக்கிறது

மேலத் தெரு மனு கொடுத்துவிட்டது. கவுன்சிலர் பேசிவிட்டார். மன்றம் தீர்மானம் போட்டுவிட்டது. பொறியாளர் டேப்போடு வருகிறார். தெரு நீளம் 240 மீட்டர். வடிகால் அகலம் 45 சென்டிமீட்டர், ஆழம் 60.

இந்த அளவுகளை வைத்து வேலை துண்டு துண்டாகப் பிரிக்கப்படும். மண் தோண்டுதல் இத்தனை கன மீட்டர். அடியில் சாதா கான்கிரீட் இத்தனை. அதன்மேல் கம்பி கட்டிய கான்கிரீட், அதற்குச் சென்ட்ரிங், கம்பி எடை, மேல்மூடிச் சிலாப். ஒவ்வொன்றுக்கும் பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலில் ஒரு விலை இருக்கும், பேச்சுவழக்கில் 'பி.டபிள்யூ.டி. ரேட்'. அளவை விலையால் பெருக்கி, கூட்டி, ஜி.எஸ்.டி. முதலானவற்றைச் சேர்த்தால் எஸ்டிமேட் தொகை. கணக்கு என்ற அளவில் பத்தாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும்.

கணக்கில் வராதது வாட்டம்.

தண்ணீர் ஓட வேண்டுமென்றால் வடிகாலின் தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். 200 மீட்டருக்கு ஒரு மீட்டர் இறக்கம் வைக்கலாம் என்று பொறியாளர் நினைக்கிறார் என்று வையுங்கள். 240 மீட்டருக்கு 1.2 மீட்டர் இறங்க வேண்டும். தெருவோ மேசைபோல மட்டமாகக் கிடக்கிறது. அப்படியானால் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் தொடங்கும் வடிகால் மறுகோடியில் 1.8 மீட்டர் ஆழம் போயிருக்கும். ஏறக்குறைய ஆளுயரம். அங்கே அது விழ வேண்டிய வாய்க்காலின் தரை தெருமட்டத்திலிருந்து ஒரு மீட்டர்தான் கீழே இருக்கிறது. வடிகால் வாய்க்காலுக்குக் கீழே போய்விட்டது! தண்ணீர் மேல்நோக்கி ஏறாது. ஏரி நிரம்பினால் வாய்க்கால் தண்ணீர்தான் தெருவுக்குள் வரும்.

இந்த இடத்தில் என்ன செய்யலாம்? வாட்டத்தைக் குறைக்கலாம். 600 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று வைத்தால் 240 மீட்டருக்கு 40 சென்டிமீட்டர் இறக்கம் போதும். மறுகோடி ஆழம் சரியாக ஒரு மீட்டர். வாய்க்காலைத் தொட்டுவிடும். ஆனால் வாட்டம் குறைந்தால் தண்ணீர் மெதுவாகப் போகும், மணல் படியும். தரையை வழவழவென்று பூச வேண்டும், அடிக்கடி தூர்வார வேண்டும், அதற்குச் சிலாப்பைத் தூக்கும்படி துண்டு துண்டாக வைக்க வேண்டும். இன்னொரு வழி, தெருவின் நடுவிலிருந்து இரு பக்கமும் தண்ணீரைப் பிரித்து அனுப்புவது. பாதி நீளம்தான் என்பதால் 300க்கு ஒன்று என்ற நல்ல வாட்டம் கிடைக்கும். ஆனால் மறுபக்கத்திலும் விழ ஒரு இடம் வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்பது தெருக்காரர்களோடு உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். எந்தக் கோடியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், எந்த மழைக்கு எந்த வீட்டுப் படி மூழ்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவசரத்தில் போடும் எஸ்டிமேட்டில் இந்தப் பேச்சு நடப்பதில்லை. முதல் மீட்டரிலிருந்து கடைசி மீட்டர் வரை ஒரே 60 சென்டிமீட்டர் ஆழம் என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். மட்டமான தெருவில் ஒரே ஆழம் என்றால் வாட்டமே இல்லை என்று பொருள். கட்டி முடித்ததும் கிடைப்பது கான்கிரீட்டில் செய்த நீளமான தொட்டி. கொசுவுக்கு வீடு.

இதைச் சரிபார்க்கப் பொறியியல் படிக்க வேண்டியதில்லை. கொத்தனார்கள் தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பார்ப்பார்களே, அது போதும். தெருவின் ஒரு கோடியில் மின்கம்பத்தில் ஒரு கோடு போட்டு, கம்பத்துக்குக் கம்பம் அந்த மட்டத்தைக் கடத்திக்கொண்டே போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவின் ஏற்ற இறக்கம் முழுக்க ஒரு நோட்டுத் தாளில் வந்துவிடும். அதோடு போய் "கடைசியில வாய்க்கால் தரை இவ்வளவு கீழதான் சார் இருக்கு, எஸ்டிமேட்ல லெவல் எடுத்திருக்கீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்தவரை பொறியாளர்கள் இப்படிப்பட்ட கேள்விக்கு எரிச்சல்படுவதைவிட நிம்மதிதான் அடைகிறார்கள். வேலை சரியாக நடக்க வேண்டும் என்று நினைக்கும் ஆளுக்கு அது ஒரு பிடிமானம்.

எஸ்டிமேட்டில் இருப்பதைப் பார்ப்பதைவிட இல்லாததைப் பார்ப்பது முக்கியம். வடிகாலின் பாதையில் மின்கம்பம் நிற்கிறதா? அதை மாற்றச் செலவு எழுதியிருக்கிறதா? குறுக்கே குடிநீர்க் குழாய் போகிறதா? தோண்டிய மண்ணை அள்ளிப்போக வண்டிக்கூலி உண்டா? எழுதாத வேலையை எந்தக் கான்ட்ராக்டரும் செய்ய மாட்டார், செய்யவும் கடமையில்லை. வடிகாலின் நடுவே கம்பம் நிற்கும் காட்சியும், கம்பத்தைச் சுற்றி வடிகால் வளைந்துபோகும் காட்சியும் நம் ஊர்களில் பிறப்பது இப்படித்தான்.

எதை முதலில் செய்வது

முதலில் பூமிக்குள் போவது, பிறகு ஓரத்தில் வருவது, கடைசியாக மேலே வருவது. குடிநீர்க் குழாய், வடிகால், சாலை. இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. ஆனால் குழாய்க்கு ஒரு நிதி, சாலைக்கு இன்னொரு நிதி, வடிகாலுக்கு நிதியே வரவில்லை என்றால் சாலை முதலில் வந்துவிடும். நிதியாண்டு மார்ச்சில் முடிகிறது. அதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் போய்விடும் என்ற பதற்றம் அலுவலகத்தில் உண்மையாகவே உண்டு. அடுத்த வருடம் குழாய்க்காரர்கள் வந்து புதுச் சாலையை வெட்டுவார்கள்.

சாலைக்குள் இன்னொரு பிரச்சினை ஒளிந்திருக்கிறது, உயரம். பழைய தார்மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டுத் தெரு ஏறிக்கொண்டே போகிறது. வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. மூன்று படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இப்போது இரண்டு படி இறங்கிப் போகிறார்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்துக்குத்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021இல் மாநில அரசே எல்லாத் துறைகளுக்கும் அறிவுறுத்தியது. உங்கள் தெருச் சாலை எஸ்டிமேட்டில் சுரண்டும் வேலை ஓர் இனமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், அது நடக்காது.

டெண்டரிலிருந்து பில் வரை

எஸ்டிமேட்டுக்கு மேலிடத்தில் இரண்டு ஒப்புதல். இந்தப் பணத்தை இந்த வேலைக்குச் செலவழிக்கலாம் என்பது நிர்வாக ஒப்புதல். அளவும் விலையும் வடிவமும் சரி என்பது தொழில்நுட்ப ஒப்புதல். தொகை கூடக் கூட, கையெழுத்துப் போடும் அதிகாரியும் உயர்ந்துகொண்டே போவார்.

பிறகு டெண்டர். 1998ஆம் ஆண்டு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000ஆம் ஆண்டு விதிகளும் இதை ஆள்கின்றன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான வேலைக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைக்க வேண்டுமானால் மேலதிகாரி காரணம் எழுதி அனுமதிக்க வேண்டும். எஸ்டிமேட்டைவிடக் குறைத்துப் போடுவதைக் கான்ட்ராக்டர்கள் 'லெஸ்' என்பார்கள். ரொம்ப அதிக லெஸ் என்றால் சந்தோஷப்படாதீர்கள். விட்ட காசை எங்கேயாவது எடுப்பார்கள். ஊரின் எல்லா வேலைக்கும் லெஸ் சொல்லிவைத்தாற்போல் அரை சதவீதம் என்றால் அதுவும் சந்தேகத்துக்குரியது. போட்டி நடக்கவில்லை.

வேலை நடக்கும்போது பொறியாளர் அளந்து எழுதும் நோட்டு, அளவுப் புத்தகம். எல்லாரும் 'எம்-புக்' என்பார்கள். பில் இதை வைத்துத்தான் பாஸ் ஆகும். வடிகாலில் ஒரு வசதி கான்ட்ராக்டருக்கு உண்டு: அடிக் கான்கிரீட்டும் கம்பியும் மூடிவிட்டால் யாரும் பார்க்க முடியாது. ஆகவே தெருக்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய நாள் பூமி பூஜையோ திறப்பு விழாவோ இல்லை. கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் கொட்டப்போகும் காலை. எஸ்டிமேட் நகலும் ஒரு டேப்பும் கையில் இருந்தால் போதும். சண்டை போட வேண்டியதில்லை. அளப்பதைப் பார்த்தாலே வேலை கொஞ்சம் நேராகும்.

முடிந்த வேலைக்குக் கான்ட்ராக்டரின் வைப்புத்தொகை கொஞ்ச காலம் பேரூராட்சியிடமே இருக்கும். அந்தக் காலத்துக்குள் விரிசலோ சரிவோ வந்தால் அவர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும். எவ்வளவு காலம் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். முதல் மழைக்குத் தண்ணீர் நிற்கிறதென்றால் உடனே எழுத்தில் கொடுங்கள். மூன்றாவது மழைக்காலத்தில் கொடுத்தால் அது 'பராமரிப்பு' ஆகிவிடும்.

ஊரின் அளவுக்குத் திட்டம்

சின்ன ஊரின் மிகப்பெரிய ஆபத்து, பெரிய நகரத்தின் திட்டத்தைக் குட்டியாக்கிக் கேட்பது. பாதாளச் சாக்கடை நல்ல உதாரணம். குழாயில் கழிவு நகர ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வாக்கில் தண்ணீர் புழங்க வேண்டும் என்பது மத்திய அரசு பின்பற்றும் அளவுகோல். பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களுக்கு அதே அளவுகோல் சொல்வது 70 லிட்டர். எழுபது லிட்டர் வரும் ஊரில் பாதாளச் சாக்கடை போட்டால் அடைப்பு எடுப்பதே வேலையாகும். நீரேற்று நிலையத்து மோட்டாருக்குக் கரண்ட் பில் வேறு. கட்ட மானியம் கிடைக்கும். ஓட்ட மானியம் கிடைக்காது.

செங்கல்பட்டு மாவட்டத்துக் கருங்குழி பேரூராட்சி வேறு வழியில் போனது. வீடுகளில் இருக்கும் செப்டிக் டேங்க் அப்படியே இருக்கட்டும். லாரி உறிஞ்சி எடுக்கும் கசடை வயலிலோ ஓடையிலோ கொட்டாமல் ஓரிடத்தில் சுத்திகரிப்போம் என்று 2017இல் ஒரு கசடு சுத்திகரிப்பு நிலையம் தொடங்கியது. பக்கத்து மதுராந்தகம் நகராட்சியின் கசடும் அங்கே வருகிறது. இரண்டு ஊருக்கு ஒரு நிலையம். கோவைப் பக்கம் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் இதே பாதையில் சேர்ந்து நடந்தன. பெரிதாகத் திறப்பு விழா எடுக்கும்படியான வேலை இல்லைதான். ஆனால் ஒரு பேரூராட்சி தன் சொந்தக் காசில் ஓட்டக்கூடிய அளவு.

பாதாளச் சாக்கடையே வேண்டும் என்றால் ஆலந்தூரைப் பார்க்க வேண்டும். இன்று சென்னை மாநகராட்சிக்குள் இருக்கிறது. அப்போது தனி நகராட்சி. 1996இல் தலைவரான ஆர்.எஸ். பாரதி காலத்தில், திட்டம் தொடங்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் இணைப்பு வைப்புத்தொகை வாங்கினார்கள். குடியிருப்போர் சங்கங்களை வைத்துத் தெருத்தெருவாகப் பேசி வாங்கிய பணம் அது. அன்றைய 5,000 சின்னக் காசு இல்லை. மக்கள் கொடுத்ததைப் பார்த்துத்தான் கடன் கொடுப்பவர்களுக்கு நம்பிக்கை வந்தது. பணம் கட்டியவர்கள் "எங்க தெருவுக்கு எப்போ?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததால் வேலையும் நின்றுபோகவில்லை. ஆலந்தூர் வசதியான புறநகர், பேரூராட்சிக்கு அப்படியே பொருந்தாது என்பது உண்மைதான். பணம் கொடுக்கும் முன் மக்கள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது என்பது மட்டும் எந்த ஊருக்கும் பொருந்தும்.

எங்கே, எப்போது பேசுவது

கிராமத்துக்குக் கிராம சபை இருக்கிறது. பேரூராட்சிக்காரர்களுக்கு அப்படி ஒன்று வெகுகாலம் இல்லை. 2016 அக்டோபரிலிருந்து 2022 தொடக்கம் வரை தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லாமல் அலுவலர்களே நிர்வாகம் நடத்தினார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்; கேள்வி கேட்கும் பழக்கமே விட்டுப்போயிருந்தது. 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்தப் பகுதி வாக்காளர்கள் எல்லாரும் பகுதி சபையின் உறுப்பினர்கள். அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் கூட்டங்கள் நடந்தன.

பல ஊர்களில் பகுதி சபை என்றால் பத்துப் பேர், ஒரு கையெழுத்து நோட்டு, ஒரு டீ. இருந்தாலும் போங்கள். போகும்போது "ரோடு சரியில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல் தெருப் பெயர், நீளம், தண்ணீர் நிற்கும் இடம், விழ வேண்டிய இடம் என்று எழுதிக்கொண்டு போய், அதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். எஸ்டிமேட் போடும் நாளில் பொறியாளர் கையில் இருக்கும் ஒரே தாள் உங்களுடையதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

அந்தக் கட்டம் தாண்டிவிட்டதென்றால் இருப்பது 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில். எழுதும்போது "மேலத் தெரு வடிகால் ஏன் சரியில்லை?" என்று கேட்காதீர்கள், 'ஏன்' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தைக் கேளுங்கள்: மன்றத் தீர்மானத்தின் நகல், தொழில்நுட்ப ஒப்புதல் பெற்ற மதிப்பீடும் வரைபடமும், வேலை உத்தரவு, ஒப்பந்தத்தில் குறைகளைச் சரிசெய்து தரவேண்டிய காலம் எழுதிய பக்கம், அளவுப் புத்தகத்தின் அந்த வேலைக்கான பக்கங்கள், வழங்கிய தொகை.

பலருக்குத் தெரியாத ஒரு வரியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது. பிரிவு 2(ஒ)வில் தகவல் உரிமை என்பதற்குள் வேலையை நேரில் ஆய்வு செய்வதும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறுவதும் அடங்கும். ஆங்கில மூலத்தில் அது பிரிவு 2இன் 'ஜே' உட்பிரிவு. விண்ணப்பத்தில் அப்படியே குறிப்பிட்டால் குழப்பம் வராது. வடிகால் சுவரில் எந்தக் கான்கிரீட் போட்டார்கள் என்று தாளில் மட்டுமில்லாமல் கையிலும் வாங்கிப் பார்க்கலாம். ஆய்வுக்கு நாளும் நேரமும் குறித்துத் தரச் சொல்லி விண்ணப்பத்தின் கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள், போகும்போது அந்த டேப்பையும் டியூபையும் எடுத்துக்கொள்ளுங்கள்.